ஐந்து தாலுகா, ஒரு வாடகை மலை

கம்பம் பள்ளத்தாக்கை ஆள ஆசைப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் உள்ளே வந்தார்கள். மற்ற பக்கமெல்லாம் மலை. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும், தெற்கே இரண்டும் தோளோடு தோள் சேர்த்து அடைத்துக்கொள்ளும். வடக்கே பழனிமலை நிற்கிறது. ஆண்டிபட்டி, பெரியகுளம் பக்கம் மட்டும் கொஞ்சம் வாய் திறந்திருக்கும். நுழைவது சுலபம். ஆனால் கூடலூர் வரை குதிரையில் போனவன் அங்கே மலையை அண்ணாந்து பார்த்து, இதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் திகைத்து, வந்ததுக்கு வரியாவது வசூலிப்போம் என்று உட்கார்ந்துவிடுவான். இந்தப் பகுதியின் நிர்வாக வரலாறு சுருக்கமாக இவ்வளவுதான். விரிவாக வேண்டுவோர் மேற்கொண்டு படிக்கலாம்.

மூன்றில் ஒரு பங்கும் நாளைக்கு என்ற பதிலும்

பதினாறாம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் உட்கார்ந்து நாட்டை 72 பாளையமாகப் பிரித்தார்கள். மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளம், ஆளுக்கு ஒரு கொத்தளம் காவல் என்று கணக்கு. பாளையக்காரர் வசூலில் மூன்றில் ஒரு பங்கை மதுரைக்குக் கட்ட வேண்டும், ஒரு பங்கில் படை வைத்துக்கொள்ள வேண்டும், மீதி ஒரு பங்கைத் தான் சாப்பிடலாம். காகிதத்தில் பார்க்க அழகான ஏற்பாடு. இதில் மூன்றாம் பங்கு மட்டும் தவறாமல் நிறைவேறியது.

போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் என்று இந்தப் பக்கம் பாளையங்கள் வரிசையாக இருந்தன. மதுரைக்கும் இவர்களுக்கும் நடுவே வழியும் தூரம், ஆளும் கம்மி. வசூலுக்கு வந்தவனுக்கு விருந்து வைத்து, வெற்றிலை கொடுத்து, நாளைக்கு என்று சொல்லி அனுப்பினால் அவன் மதுரை போய்ச் சேர்வதற்குள் ராஜாவே மாறியிருப்பார்.

நாயக்கர் ஆட்சி போய், திண்டுக்கல் சீமை மைசூர் கைக்குப் போனது. பாளையக்காரர்கள் கிஸ்தி கட்டாமல் டிமிக்கி கொடுக்கிறார்கள் என்ற புகார் அங்கேயும் போயிற்று. 1755-இல் ஹைதர் அலி என்ற ராணுவ அதிகாரியைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பினார்கள். வந்தவர் நாளைக்கு என்ற பதிலை ஏற்கிற ஆள் இல்லை. பாளையங்களைக் கசக்கிப் பிழிந்து, அந்தக் காசில் தனக்கென்று ஒரு படையைத் திரட்டி, பிற்பாடு மைசூரையே பிடித்துக்கொண்டார். ஒரு பெரிய சுல்தானாக வளர்வதற்கான ஆரம்ப முதலீட்டில் நம்ம பக்கத்துப் பங்கும் கொஞ்சம் உண்டு. வட்டி இன்னும் வரவில்லை.

1790-இல் கம்பெனிப் படை திண்டுக்கல்லைப் பிடித்தது. 1792-இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சீமைக்கு கலெக்டர் என்ற புதிய பிறவி வந்து சேர்ந்தது. நாயக்கருக்கும் ஹைதருக்கும் இல்லாத ஓர் ஆயுதம் கலெக்டரிடம் இருந்தது. அது பைல். பைலிடம் விருந்து, வெற்றிலை எதுவும் பலிக்கவில்லை.

மலைக்கு யார் ஓனர்?

கீழே இத்தனை பேர் வரிக்கு அடித்துக்கொண்டபோது மேலே மலையைப் பூஞ்சாறு ராஜா வைத்திருந்தார். இவர்கள் மதுரையிலிருந்து தப்பிப்போன பாண்டியர் வழி என்பது அந்தக் குடும்பத்தின் மரபுக்கதை. அதை நம்பினால், மதுரையில் பிழைக்க முடியாமல் தேனி வழியாக மலையேறி அந்தப் பக்கம் செட்டில் ஆன முதல் ஆள் பாண்டியர்தான். இன்றைக்குக் கம்பத்திலும் போடியிலும் விடிகாலை இருட்டில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அரச பரம்பரையைப் பின்பற்றுகிறார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1877-இல் பூஞ்சாறு ராஜா, மூணாறு சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய 227 சதுர மைல் காட்டை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டார். அட்வான்ஸ் 5,000 ரூபாய், வருஷ வாடகை 3,000 ரூபாய். மன்றோ அப்போது திருவிதாங்கூர் அரசின் ஏலமலைக் கண்காணிப்பாளர். சர்க்கார் மலையைக் கண்காணித்துக்கொண்டே பக்கத்து மலையைத் தன் பேருக்கு எழுதி வாங்கியிருக்கிறார். கண்காணிப்பு என்றால் இதுதான் கண்காணிப்பு.

அந்த மலையில் தேயிலை விளைந்தது. விளைந்ததை எப்படி இறக்குவது? குண்டளைப் பள்ளத்தாக்கில் சின்ன ரயில் போட்டு டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்தார்கள். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு இந்தப் பக்கம் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். கொட்டகுடியிலிருந்து போடி, போடியிலிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலில் லண்டன். இங்கிலாந்து துரைமார் சாயங்காலம் குடித்த டீ நம்ம கொட்டகுடிக்காரன் தலைக்கு மேலே ஊஞ்சலாடிவிட்டுப் போன டீ. 1924 வெள்ளம் அந்தச் சின்ன ரயிலை வாரிக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் தங்கியது. இப்போது அங்கே ரயில் பார்க்கப் போகிறவர்கள் மேகத்தைப் பார்த்துவிட்டு, மக்காச்சோளம் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள்.

999 வருஷக் குடித்தனம்

இனி தண்ணீர்க் கதை. மழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும், இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பெரியாறு பாட்டுக்கு மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும். வைகை பாட்டுக்குக் கிழக்கே மணலாகக் கிடக்கும். மேற்கே போகும் ஆற்றைக் கிழக்கே திருப்பினால் என்ன என்று பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே யோசித்தவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. ஆற்றின் வால் பிடித்திருக்கிறவனுக்குத்தானே தாகம் தெரியும்? கெட்டிக்காரர்கள் பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பினார். அவர்கள் பார்த்துவிட்டு வந்து முடியும் என்றார்கள். கஜானாவைத் திறந்து பார்த்தார், முடியாது என்று தெரிந்தது.

1808-இல் கம்பெனி சார்பில் கேப்டன் கால்டுவெல் போய்ப் பார்த்தார். இது வெறும் பகல் கனவு, இனி யாரும் இதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்கிற தோரணையில் அறிக்கை எழுதினார். அரசாங்கத்தில் ஒருவர் இனிப் பேச வேண்டாம் என்று எழுதினால் அதைப் பற்றி எண்பது வருஷம் பேசுவார்கள் என்பது விதி. பேசினார்கள். 1850-இல் சின்னதாக வேலையையே ஆரம்பித்தார்கள். காய்ச்சல் வந்தது. கூலியைக் கூட்டிக் கேட்ட ஆட்கள் போட்டது போட்டபடி கீழே இறங்கிவிட்டார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகுதான் பைலுக்குக் கால் முளைத்தது. இன்ஜினியர் ஜான் பென்னிகுக் பெரியாற்றில் அணை கட்டத் திட்டம் போட்டார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அணை கட்ட வேண்டிய இடம் திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. 1886 அக்டோபர் 29-இல் குத்தகைப் பத்திரம் கையெழுத்தானது. நீர் தேங்க 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், ஆக மொத்தம் 40,000 ரூபாய் வாடகை. காலம் 999 வருஷம். ஆயிரம் என்று ரவுண்டாகப் போட்டிருந்தால் ஓனருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்றால் ஏதோ தள்ளுபடி விலை மாதிரி மனசுக்கு இதமாக இருக்கிறது. செருப்புக் கடைக்காரர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே இந்த எண்ணின் மகிமையைப் பிரிட்டிஷ் வக்கீல்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

1887-இல் வேலை தொடங்கியது. யானை, புலி, அட்டை, மலேரியா, காலரா, போட்ட கட்டுமானத்தை அடித்துக்கொண்டு போகிற வெள்ளம். நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் அங்கேயே மண்ணானார்கள். சாராயம் மட்டும் இல்லாவிட்டால் இந்த அணை முடிந்தே இருக்காது என்ற பொருள்பட அன்றைய கட்டுமானப் பதிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு, சுர்க்கி, கருங்கல் இவற்றோடு நாலாவது கட்டுமானப் பொருள் அதுதான். மதுவிலக்குப் பிரசாரகர்கள் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் கூட்டம் போடும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது உத்தமம்.

1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம். மேற்கே போய்க்கொண்டிருந்த ஆறு, வழி கேட்காமலே கிழக்கே திரும்பி, வைரவனாறு, சுருளியாறு, முல்லையாறு என்று பெயரை மாற்றிக்கொண்டு வைகையில் கலந்தது. திட்டம் போட்டதென்னவோ மதுரை, மேலூர்ப் பக்கத்து நிலத்துக்கு. ஆனால் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டித்தானே மதுரைக்குப் போக வேண்டும்? பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தவனை யார் கேட்பது? 14,707 ஏக்கர் இருபோக நெல் என்று பள்ளத்தாக்கு அமைதியாகச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மீதி மதுரைக்குப் போகிறது.

நன்றிக்குக் குறைவில்லை. பென்னிகுக் சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊர் சொல்லும். ஆவணத்தைக் காட்டு என்று கேட்பவனுக்கு இங்கே டீ கிடைக்காது. அவர் பிறந்தது ஜனவரி 15. தைப் பொங்கல் சமயத்தில் பிறக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரருக்குத் தோன்றியதே, அதற்கே ஒரு பொங்கல் வைக்கலாம். வைக்கிறார்கள். பாலார்பட்டியில் அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல். லோயர் கேம்ப்பில் 2013-இல் திறந்த மணிமண்டபம். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பென்னிகுக் என்று கூப்பிட்டால் உள்ளேன் ஐயா என்று நம்ம கறுப்புப் பையன் எழுந்து நிற்பான்.

ஓனர் மாறினார்

1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலம் வந்தது. திருவிதாங்கூரின் தெற்கே நாலு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தோட்டத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர், ஆனால் தோட்டமும் அணையும் அந்தப் பக்கம். குளமாவது மேடாவது என்று காமராசர் அலட்சியமாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னாரா, எங்கே சொன்னார், யாரிடம் சொன்னார் என்பதெல்லாம் தேனி டீக்கடைகளில் தினமும் புதிதாகத் தீர்மானிக்கப்படும்.

“அண்ணே, அன்னைக்கு மட்டும் அந்த ரெண்டு தாலுகாவையும் வாங்கியிருந்தா இன்னைக்கு அணை நம்மளுதுண்ணே.”

“ஆமாடா தம்பி. வாங்கியிருந்தா மூணாறுல ரூம் வாடகை குறைஞ்சிருக்கும்னு நெனைக்கிற? ரூம் நடத்துறதே பாதி நம்மாளுதான்.”

1970-இல் பழைய பத்திரத்தைப் புதுப்பித்தார்கள். ஏக்கருக்கு 5 ரூபாய் 30 ரூபாயானது. கீழே எடுக்கிற மின்சாரத்துக்குத் தனிக் காசு. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைக் கேரளம் எடுத்துக்கொண்டது. வாடகைக்கு விட்ட ஓனர், கிணற்றில் இருக்கிற மீன் மட்டும் என்னுடையது என்று சொன்னால் யாராக இருந்தாலும் விட்டுக்கொடுத்துவிட வேண்டியதுதான், குறிப்பாக ஓனர் மலையாளியாக இருக்கும்போது.

1979-இல் அணை பலவீனம் என்ற பயம் கிளம்பியது. நீர்மட்டம் 136 அடிக்கு இறங்கியது. தமிழ்நாடு அணையைப் பலப்படுத்தியது. 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி என்றது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136-தான் என்று சட்டம் போட்டது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது, 142-தான் என்றது. உலகத்தில் ஆறடிக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வதுண்டு, ஆனால் அது நீளவாக்கில். செங்குத்தான ஆறடிக்கு முப்பத்தைந்து வருஷம் தகராறு நடத்திய பெருமை நம்முடையது. நடுவே 2011-இல் 'டேம் 999' என்று ஒரு படம் எடுத்தார்கள். குத்தகைப் பத்திரத்தின் எண்ணைத் தலைப்பாக வைத்த ஒரே படம் அதுவாகத்தான் இருக்கும். தமிழ்நாடு தடை செய்தது. ஓடாத படத்துக்கு இவ்வளவு விளம்பரம் வேறு யார் கொடுப்பார்கள்?

மாவட்டம் பிறந்த கதை

இத்தனையும் நடந்த காலத்தில் கூடலூர்க்காரர் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கி மதுரைக்குப் போக வேண்டும். கலெக்டர் அன்றைக்குக் கேம்ப் போயிருப்பார். 1985-இல் திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்தது. 1996 ஜூலையில் அரசாணை வந்து, 1997 ஜனவரி 1 முதல் தேனி தனி மாவட்டமானது. தேனி, பெரியகுளம், போடிநாயக்கனூர், உத்தமபாளையம், ஆண்டிபட்டி என்று ஐந்து தாலுகா.

மாகாணம் பிரிப்பதில் கொரியாக்காரர்கள் காட்டிய அவசரத்தோடு ஒப்பிட்டால் நம்ம நிதானத்தின் அருமை புரியும். 1413-லிருந்து எட்டு மாகாணமாக இருந்த நாட்டை, பெரியாறு அணை திறந்த அதே 1895-இல் கலைத்து 23 பிரிவாக மாற்றினார்கள். சரிப்படவில்லை. அடுத்த வருஷமே அதையும் கலைத்து 13 மாகாணம் என்றார்கள். இரண்டு தடவை பெயர்ப்பலகை எழுதிய பெயின்டர் மட்டும் பிழைத்திருப்பார். நாம் அப்படியா? மதுரையிலிருந்து பிரிய இருநூறு வருஷம் எடுத்துக்கொண்டோம்.

மூத்த ஊர் பெரியகுளம். கோட்டத் தலைமையிடம் என்ற மிடுக்கு அதற்கு உண்டு. தலைநகரமோ நேற்று வளர்ந்த சந்தை ஊரான தேனிக்குப் போனது. வருத்தம் இருக்கத்தானே செய்யும்? 2008 தொகுதிச் சீரமைப்பு அதை வேடிக்கையாக்கியது. பெரியகுளம் மக்களவைத் தொகுதியின் பெயர் தேனி என்று மாறியது. பதிலுக்கு தேனி சட்டமன்றத் தொகுதியே காணாமல் போனது, பெரியகுளம் சட்டமன்றத் தொகுதி நிலைத்தது. ஆக, தேனி மாவட்டத்தில் தேனி என்று ஒரு சட்டமன்றத் தொகுதி கிடையாது. மருத்துவக் கல்லூரி ஆண்டிபட்டிப் பக்கம் கானாவிலக்கில், தோட்டக்கலைக் கல்லூரி பெரியகுளத்தில். தேனிக்குக் கிடைத்தது கலெக்டரும் போக்குவரத்து நெரிசலும்.

ஆனால் இந்தச் சின்ன மாவட்டம் ஆட்சியாளர்களை உற்பத்தி செய்வதில் ஏலக்காயைவிடச் சிறப்பான மகசூல் காட்டியிருக்கிறது. 1936-இல் சில மாதம் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.டி. ராஜன் உத்தமபாளையத்துக்காரர். 1984-இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். ஜெயலலிதா 1989-இல் போடியிலும், பிறகு 2002-லும் 2006-லும் ஆண்டிபட்டியிலும் ஜெயித்தார். பெரியகுளத்து டீக்கடையில் தொடங்கிய ஓ. பன்னீர்செல்வம் மூன்று தடவை முதலமைச்சரானார். மூன்று தடவையும் நாற்காலி இன்னொருவருக்காகக் காத்திருந்தது. மேல்வாடகைக்கு இருப்பது எப்படி என்பதை இந்தப் பள்ளத்தாக்குக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இத்தனை முதலமைச்சரைக் கொடுத்த மாவட்டத்துக்கு ரயில்? 1928-இல் வெள்ளைக்காரன் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் விட்டான். உலகப் போர் வந்ததும் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். சுதந்திரம் வந்து மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில். காட்டுக்குள் அணை கட்ட 8 வருஷம். இருந்த தண்டவாளத்தை 90 கிலோமீட்டருக்கு அகலப்படுத்த 12 வருஷம். ரயில்வே இலாகா சாராயத்தைத் தவிர்த்ததுதான் காரணமோ என்னவோ.

கோட்டை மதிக்காதவர்கள்

எல்லைக்கோட்டை வரைந்தவர்கள் எல்லாரும் சமவெளியில் உட்கார்ந்து வரைந்தவர்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று பாதையிலும் கோடு ஓர் இரும்புக் கம்பமாக நிற்கிறது. காலையில் ஆட்கள் மேலே போவார்கள், காய்கறி மேலே போகும். சாயங்காலம் ஆட்கள் கீழே வருவார்கள், ஏலக்காய் கீழே வரும், போடியில் ஏலத்துக்குப் போகும். இரண்டு அரசாங்கமும் டில்லியில் வக்கீல் வைத்துச் சண்டை போடும் நாளிலும் இடுக்கிக்காரர் வீட்டுச் சாம்பாரில் கம்பத்து முருங்கைக்காய் மிதக்கும்.

கண்ணகியைப் பாருங்கள். மதுரையில் அரசனையே எழுந்து நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள், ஊரை எரித்தவள், நடந்து நடந்து இந்த மலைக்கு வந்தாள். இங்கே அவள் கோயில் இருக்கிற இடம் உங்களுடையதா எங்களுடையதா என்று இரண்டு மாநிலத்துக்கும் தகராறு. அதனால் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் பக்தர்களுக்கு அனுமதி. அதற்கு முன் தேனி, இடுக்கி கலெக்டர்கள் இருவரும் கூட்டம் போட்டு, எத்தனை மணிக்கு ஏறலாம், எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்று பேசி முடிக்கிறார்கள். பாண்டியன் முன்னால் சிலம்பை உடைத்தவளுக்கு இரண்டு ஆட்சியர் அலுவலகத்தை உடைக்க முடியவில்லை.

அரிக்கொம்பன் யானை கூட்டமெல்லாம் போடவில்லை. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்து, கழுத்தில் சாட்டிலைட் பட்டை மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது மேகமலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மே 27 காலையில் கம்பம் டவுனுக்குள் நடந்து வந்தது. நகரத்துக்கு 144 தடை உத்தரவு. ஊர் சனம் வீட்டுக்குள், யானை வீதியில். ஜூன் 5-இல் மறுபடி பிடித்துக் களக்காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு மாநிலத்திலும் ஊர்விலக்கு உத்தரவு வாங்கிய பெருமை, அரசியல்வாதி எவருக்கும் வாய்க்காதது.

விஞ்ஞானிகளுக்கும் மலை மேல் கண். பொட்டிப்புரம் பக்கம் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 1,500 கோடி ரூபாய்க்கு 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. எந்த மலையையும் எந்தத் தடுப்பையும் துளைத்துக்கொண்டு போகிற துகள் நியூட்ரினோ. போடிக்காரர்களின் எதிர்ப்பை மட்டும் அதனால் துளைக்க முடியவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை மலையைக் குடைந்தபோது தண்ணீர் வந்தது. இந்தத் தடவை என்ன வரும் என்று கேட்டார்கள். கண்ணுக்குத் தெரியாது, கைக்குப் பிடிபடாது, எடையும் இல்லாத மாதிரிதான் என்று பதில் வந்தது. அந்த மாதிரி பொருள்தான் தேர்தலுக்குத் தேர்தல் வருகிறதே என்று ஊர் விட்டுவிட்டது.

கடைசியாக ஒரு நிர்வாகக் குறிப்பு. பெரியாறு குத்தகை 1886 ஜனவரி 1 முதல் கணக்கு. அப்படியானால் 2884 டிசம்பர் 31-ஆம் தேதி முடிகிறது. கேட்டால் இன்னொரு 999 வருஷத்துக்குப் புதுப்பித்துத் தர வேண்டும் என்று பத்திரத்திலேயே இருக்கிறது, ஆனால் கேட்க வேண்டும். காலண்டரைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள், கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், மனு கொடுக்கலாம் என்று பார்த்தால், ஜனவரி 1 அரசு விடுமுறை. முந்தின திங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறை. ஆகவே தேனி மாவட்டப் பொதுமக்கள் அதற்கும் முந்தின திங்கட்கிழமையே, ஆதார் நகலோடு, வரிசையில் வந்து நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.